சாம்பல் கிரவுண்டில் கேட்டைத் திறந்த நாள்

இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாகக் கொடி பிடிக்கப் போகும் நான்கு பேருக்கும்,

நான் ஓய்வு பெறுகிறேன். சிரிக்க வேண்டாம். இருபத்தெட்டு வயதில் என்ன ஓய்வு என்று காலடிப்பேட்டையில் என் வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். ஆறு சீசன், பந்தயத்தை நிறுத்தும் அந்தச் சிவப்புக் கொடியோடு மேடையில் நின்றிருக்கிறேன். இனி அது உங்கள் கையில். ஏன் விடுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், எனக்குத் தெரியும், நானும் அப்படிப்பட்ட ஆள்தான்.

எந்தக் கொடியை எப்போது காட்டுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நானே எழுதினேன், படமும் நானே போட்டேன். (மூன்றாம் பக்கத்தில் இருப்பது மோட்டார் சைக்கிள்தான், ஆடு இல்லை.) கையேட்டில் எழுத முடியாமல் போன ஒரு நாள் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது நிற்கும் இந்த மைதானம் நமக்கு இரண்டாவது. முதலாவது எண்ணூர் நெடுஞ்சாலையில், லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அந்த வரிசைக்குப் பின்னால் இருந்தது. அந்த நிலம் ஓர் அண்ணாச்சியுடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். குடோன் கட்டலாம் என்று வாங்கிப் போட்டார்கள். பள்ளமான இடம், மழைக்குத் தண்ணீர் நின்றது. மேடாக்குவதற்கு லாரி லாரியாக பாய்லர் சாம்பலைக் கொட்டி நிரப்பினார்கள். குடோன் வரவில்லை. ராயபுரத்துப் பையன்கள் வந்தார்கள்.

துறைமுகத்தில் வேலை பார்க்கிற பையன்கள். ஞாயிறு காலை பூசை முடிந்ததும் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் வந்து சாம்பலில் சறுக்குவார்கள். வளைவில் வண்டியின் பின் சக்கரம் வெளியே ஓட, முன் சக்கரம் எதிர்ப் பக்கம் திரும்ப, இடது காலைத் தரையில் தேய்த்தபடி ஒரு சறுக்கல்! பிரேக் பிடித்தால் அந்த அழகு கெடுகிறது என்று ஒருவன் பிரேக்கையே கழற்றிப் போட்டான். அடுத்த வாரம் எல்லோரும் கழற்றிவிட்டார்கள். செருப்பு தேய்கிறது என்று வெல்டிங் கடையில் இரும்புத் தகட்டில் ஒரு செருப்பு செய்துகொண்டார்கள், இடது காலுக்கு மட்டும்.

அப்போது நான் கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. தோழியின் அண்ணன் ஓட்டுவதைப் பார்க்கப் போனேன். அன்று இரவே போனில் தேடினேன். இந்தப் பந்தயத்துக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது, ஸ்பீடுவே. நான்கு பேர், நான்கு ரவுண்டு, இடது பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும், பிரேக் கிடையாது, இடது காலில் இரும்புச் செருப்பு. அதற்கென்றே ஸ்டேடியங்கள் இருக்கின்றன. அதைவிட, அந்த நாடுகளில் ஆரம்ப காலத்தில் நிலக்கரிச் சாம்பல் தளத்தில்தான் ஓட்டியிருக்கிறார்கள்! யாரும் சொல்லிக் கொடுக்காமல் ராயபுரம் பையன்கள் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. மறுநாள் ஓடிப்போய் அவர்களிடம் சொன்னேன். தோழியின் அண்ணன் சேவியர் மட்டும் அசரவில்லை. "அப்போ அவுங்க நம்மள பாத்துதான் கத்துகினாங்கன்னு சொல்லு," என்றான்.

சேவியரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவன் வண்டி கிளம்பினால் பேச்சு நின்றுவிடும். அவனும் நானும் இன்னும் பத்துப் பேரும் சேர்ந்துதான் அந்த ஸ்டேடியத்தைக் கட்டினோம். காசிமேட்டில் கழித்துப் போட்ட இழுவலைகளைக் கொண்டுவந்து வளைவுகளில் இரண்டு அடுக்காகக் கட்டினோம், விழுகிறவனைப் பிடிக்க. கப்பலில் சரக்குக்கு அடியில் கொடுக்கிற மரக்கட்டைகளால் படிப்படியாக உட்காரும் இடம். சாம்பல் கிரவுண்டு என்று ஊரே பெயர் வைத்தது. முதல் பந்தயத்துக்கு நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள் வந்தார்கள். சத்தம் கேட்டு எதிரில் நின்ற லாரிகளின் டிரைவர்களும் வண்டி மேலேயே ஏறி நின்று பார்த்தார்கள். அது போல ஒரு மாலை உங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

இனிமேல்தான் என் தவறு.

சாம்பலுக்குத் தண்ணீர் விடாவிட்டால் ஓட்ட முடியாது, புழுதி கிளம்பிவிடும். ஆரம்பத்திலிருந்தே எங்கள் தண்ணி லாரி அண்ணன் எண்ணூர்க் கழிமுகத்தில் மோட்டார் போட்டு உறிஞ்சி, உப்புத் தண்ணீரைத்தான் கொண்டுவந்து தெளிப்பார். அதனால் வண்டிகள் துருப்பிடித்தன. செயினெல்லாம் ஒரே மாதத்தில் சிவந்துவிடும். ரைடர்கள் புலம்பினார்கள். நான் ஐந்தாவது சீசனில் தளத்துக்கும் பொறுப்பாளரானேன், படித்தவள் அல்லவா, முதல் கையெழுத்தே உப்புத் தண்ணீரை நிறுத்துவது. நல்ல தண்ணீர் ஏற்பாடு செய்தேன். எத்தனை மணிக்கு எத்தனை சுற்று தெளிக்க வேண்டும் என்று அட்டவணை போட்டு லாரிக் கண்ணாடியில் ஒட்டினேன். ரைடர்கள் கை தட்டினார்கள்.

தண்ணி லாரி அண்ணன் அட்டவணையைப் படித்துவிட்டுச் சொன்னார். "இன்னா மேடம், சாம்பலுக்கு மினரல் வாட்டரா? உப்பு ஈரத்த புட்ச்சி வச்சிக்கும். இது கடக்காத்துல காஞ்சி பூடும்."

"வண்டியெல்லாம் துருப்பிடிக்குதுண்ணா."

"வண்டி துருப்புட்ச்சா வேற செயின் மாட்டலாம்," என்றார். ஆனாலும் அந்த சீசன் முழுக்க நல்ல தண்ணீரையே கொண்டுவந்தார். நான் அவரிடம் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதே சீசனில்தான் அண்ணாச்சி தன் நிபந்தனையையும் போட்டார். அதற்கு முந்தைய சீசனில் இரண்டு பேருக்குக் கழுத்தெலும்பு முறிந்து, இரண்டு முறை எங்கள் கேட்டிலிருந்து ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. மூன்று நாள் அவர் கடைக்குப் போலீஸ்காரர்கள் வந்து விசாரித்தார்கள். இன்னொரு பக்கம், கன்டெய்னர் அடுக்குகிற யார்டுக்காக அந்த நிலத்தைக் கேட்டு ஒரு கம்பெனி வந்துகொண்டே இருந்தது. அண்ணாச்சி என்னையும் சேவியரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எனக்கு ஒங்க வெளையாட்டு பிடிக்கும். எம் பேத்தி ஞாயித்துக்கிழமையானா ஒங்க கிரவுண்டுலதான் கெடக்கா. ஆனா எம் பேரு போலீஸ் ஸ்டேஷன்ல கெடக்கக் கூடாது பாத்துக்கோங்க. இந்த சீசன் பூரா ஒரு தடவ கூட ஆம்புலன்ஸ் கேட்டத் தாண்டாம நடத்திக் காட்டுங்க. அஞ்சு வருசத்துக்கு எழுதித் தாரேன். தாண்டிச்சுன்னா கன்டெய்னருக்குக் குடுத்துருவேன். சொன்ன சொல்லுதான்."

தாண்டவில்லை. ஒரு சீசன் முழுக்கத் தாண்டவில்லை! சிராய்ப்பு, சுளுக்கு எல்லாம் உள்ளேயே மருந்து போட்டுச் சரியானது. ஒவ்வொரு பந்தய நாளும் ஆம்புலன்ஸ் வரும், நிற்கும், மாலையில் காலியாகத் திரும்பும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. இந்த வார்த்தையைக் கவனியுங்கள், பழகிவிட்டது. முதலில் அதை கேட்டைப் பார்த்து நிறுத்துவோம். அப்புறம் நிழலுக்காகச் சுவரோரம் நிறுத்தினோம். கடைசி நாளன்று அதற்கு முன்னால் ஒரு கார் நின்றிருந்தது. யாருடைய கார் தெரியுமா? அண்ணாச்சியுடையது. நிறுத்தச் சொல்லி இடம் காட்டியது நான்.

கடைசி நாள், கடைசிப் பந்தயம். கூட்டம் கட்டைகளில் இடம் போதாமல் வலைக்குப் பின்னால் நான்கு வரிசை. ஃபைனலில் சேவியர். அதற்கு முந்தைய பந்தயத்திலேயே மூன்றாவது வளைவில் புழுதி எழுவதைப் பார்த்தேன். மதியத்திலிருந்து கடற்காற்று ஓயவில்லை. தளம் வெளுத்துப்போய்விட்டது. தண்ணி லாரி அண்ணன் மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"நாப்பது நிமிசம் குடு. கழிமுகத்துல ஒரு லோடு அட்ச்சினு வந்துர்றேன்."

கூட்டம் விசில் அடித்துக்கொண்டிருந்தது. நான்கு வண்டிகளும் கோட்டில் நின்று உறுமிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு பந்தயம், ஒரே ஒரு நிமிடம், முடிந்தால் ஐந்து வருடம். அதோடு, நாற்பது நிமிடம் நிறுத்தி உப்புத் தண்ணீர் கொண்டுவந்தால், என் அட்டவணை தப்பு என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆமாம், அதையும் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

"வேணாம்ணா. ஒரே ஒரு ரேஸ்தான். ஓட்டிடலாம்," என்றேன்.

கோட்டுக்குக் குறுக்கே கட்டியிருந்த நாடா உயர்ந்தது. சேவியர் முதல் வளைவிலேயே முன்னால் வந்துவிட்டான். நான் கத்தினேன், கொடி பிடிக்கிறவர்கள் கத்தக் கூடாது, இருந்தும் கத்தினேன். இரண்டாவது ரவுண்டு, மூன்றாவது வளைவு. நான்கு வண்டிகளும் புழுதிக்குள் போயின. வெளியே வந்தவை மூன்று.

சத்தத்தில் ஒன்றும் தெரியாது. முழுக் கூட்டமும் முன்னால் வருகிறவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். எண்ணுகிறவர் நீங்கள் ஒருவர்தான். விழுந்ததை நான் பார்க்கவில்லை, அந்த வளைவில் கொடியோடு நின்ற நம் ஆளும் புழுதியில் பார்க்கவில்லை. நான்காவது வண்டி மெதுவாக வரலாம், இன்ஜின் நின்றிருக்கலாம், வலைப் பக்கம் ஒதுங்கியிருக்கலாம். என் மூளை இந்தக் காரணங்களை எல்லாம் வேகமாகக் கொடுத்தது. கை அதற்கு முன்பே கொடியைத் தூக்கிவிட்டது. இதில் மட்டும் என்னைப் பாராட்டிக்கொள்கிறேன். மூன்று என்று எண்ணினால் சிவப்பு. காரணம் அப்புறம்.

மூன்று பேரும் த்ராட்டிலை விட்டார்கள். இன்னொரு சுற்று அதே வேகத்தில் போயிருந்தால் நேராக அவன்மேல் ஏறியிருப்பார்கள். தளத்தின் நடுவில், வண்டிக்குப் பக்கத்தில், சேவியர் உட்கார்ந்திருந்தான். ஓடிப்போனேன். சிரித்தான்!

"ஒன்னியும் ஆவல. மெர்சலாவாத. எத்தினியாவது ரவுண்டு?"

"ரெண்டாவது."

எழுந்து நின்றான். கையை ஆட்டினான், காலை உதறினான். கூட்டம் கூரை இல்லாத அந்த ஸ்டேடியத்தின் கூரையைப் பிய்த்தது. ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தேன். பின்பக்கம் மயிரிழை அளவு ஒரு விரிசல்.

"எத்தினியாவது ரவுண்டு?" என்றான் சேவியர்.

"இப்பதானே சொன்னேன்? ரெண்டு."

"ஆங், ரெண்டு." பிறகு ஹெல்மெட்டை என்னிடமிருந்து பிடுங்கினான். "ரீ-ஸ்டார்ட் குடு. நான் ஓட்றேன்."

விழுந்து பந்தயத்தை நிறுத்தியவன் மறுபடி ஓட்ட முடியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த விதியைப் போட்டதே அவன்தான்.

நர்ஸ் என்னைத் தனியாக இழுத்தார். "ஸ்கேன் பாக்கணும். ஆனா அவர் வரலைன்னு சொன்னா நான் தூக்கிட்டுப் போக முடியாது. நீங்கதான் சொல்லணும்."

அதற்குள் சுற்றி இருபது பேர். எல்லோருக்கும் அந்த நிபந்தனை தெரியும். ஒருவன் சொன்னான், "ஆட்டோல இட்டுனு போலாம்பா. ஆம்புலன்ஸ்தான தாண்டக் கூடாது? ஆட்டோ தாண்டலாமே!" எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சரியான யோசனைதான் என்று எனக்கும் தோன்றியது, பொய் சொல்லப் போவதில்லை. வாசலில் ஆட்டோ நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கும் போன மாதிரி ஆகும், கிரவுண்டும் பிழைக்கும்.

சேவியர் என் கையைப் பிடித்தான். "த பாரு, அந்த வண்டி போச்சின்னா கிரவுண்டு பூடும். இத்தினி வருசம் வலை கட்னது, கட்டை தூக்கினது அல்லாம் பூடும். நான் சொல்றேன்ல, எனக்கு ஒன்னியும் இல்ல. ஆட்டோ கூட வாணாம். வூட்டுக்குப் போய் படுத்தா சரியாப் பூடும்." அவன் குரல் தெளிவாகவே இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டான், "ஆமா, எத்தினியாவது ரவுண்டு?"

மூன்றாவது முறை.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். அண்ணாச்சி தன் காருக்குப் பக்கத்தில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, காரை எடுங்க. ஆம்புலன்ஸ் போகணும்."

"பையன் எந்திச்சு நிக்கானே?"

"நிக்கிறான். ஆனா சரியா இல்லை."

"வெளிய போனா என்ன ஆவும்னு தெரியும்லா ஒனக்கு?"

"தெரியும். காரை எடுங்க."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். சாவியை டிரைவரிடம் கொடுக்காமல் தானே ஏறினார். அவசரத்தில் பின்னால் எடுத்து மரக்கட்டையில் இடித்து, விளக்கு உடைந்தது. இறங்கி ஓடி கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கியவரும் அவர்தான். சேவியரை நாங்கள் நான்கு பேர் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. ஏறும்வரை என்னைத் திட்டினான். அந்த வார்த்தைகள் கையேட்டில் வராது. ஆம்புலன்ஸ் சைரனோடு கேட்டைத் தாண்டியது.

தண்டையார்ப்பேட்டை தாண்டும்போது வாந்தி எடுத்தானாம். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது நினைவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அன்றே ஆபரேஷன். டியூட்டி டாக்டர் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தா காலையில எழுப்பியிருக்க முடியாது."

அடுத்த வாரம் அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். சேவியரின் அம்மாவிடம் நெடுநேரம் பேசினார். வராந்தாவில் என்னிடம் வந்து நின்றார். மனம் மாறியிருப்பார் என்று நான் நம்பினேன். அந்த மாதிரி முடிவுதான் எல்லோருக்கும் பிடிக்கும்.

"நீ அனுப்புனது சரி," என்றார். "நான் சொன்ன சொல்லும் சரி. ரெண்டும் வேற வேற. நெலத்த கன்டெய்னருக்குப் பேசி முடிச்சிட்டேன்."

போகத் திரும்பியவர் நின்றார்.

"அவனுவ காங்கிரீட் போடணுமாம். சாம்பல எப்படியும் சொரண்டித்தான் எடுக்கணும். ஒனக்கு வேணும்னா அள்ளிக்கிட்டுப் போ. லாரி நான் தாரேன்."

அள்ளினோம்! ஒரு கைப்பிடி விடவில்லை. நெட்டுக்குப்பத்துக்குப் பின்னால், கழிமுகத்துக்கு எட்டிப் பார்க்கும் தூரத்தில், மீனவர்கள் ஊர்ப் பொது இடம் ஒன்றை நமக்குக் கொடுத்தார்கள். அங்கே நீங்கள் மிதிப்பது அதே சாம்பல். வலை அதே வலை, கட்டை அதே கட்டை, ஒன்றில் அண்ணாச்சி காரின் சிவப்புக் கண்ணாடித் துண்டு இன்னும் குத்திக்கொண்டு நிற்கிறது, தேடிப் பாருங்கள். தண்ணீர் மட்டும் உப்பு. தண்ணி லாரி அண்ணன் முதல் லோடு தெளித்துவிட்டு இறங்கி, "அட்டவணை ஒட்டலியா மேடம்?" என்றார். பந்தயம் முடிந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி டீசல் துணியால் துடைக்க வேண்டும், அரை மணி நேர வேலை. அதற்குச் சோம்பல்பட்டுத்தான் நான் தளத்தையே மாற்றினேன் என்று நினைத்தால் இன்றும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

சேவியர் இனி ஓட்டக் கூடாது. நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. கிரவுண்டு போனதற்குத்தான் கோபம், உயிர் பிழைத்ததைப் பற்றி அவனுக்கு ஒரு கருத்தும் இல்லை. இப்போது மைக் அவன் கையில் இருக்கிறது, கேட்டிருப்பீர்கள். அந்த நாள் அவனுக்கு ஞாபகமே இல்லை. நான் எதையாவது தீவிரமாகப் பேச ஆரம்பித்தால் நடுவில் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "எத்தினியாவது ரவுண்டு?" என்பான். கையில் கிடைப்பதை எடுத்து வீசுவேன்.

சரி, கடைசிக்கு வந்துவிட்டேன். ஏன் ஓய்வு?

ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தயத்தில் மூன்றாவது வண்டி என்னுடையது! ஆறு சீசன் மேடையில் நின்று அந்தச் சறுக்கலைப் பார்த்திருக்கிறேன். இனி முடியாது, இறங்கியே ஆக வேண்டும். சேவியரின் பழைய வண்டிதான், சங்கிலி புதிது. இரும்புச் செருப்பு என் காலுக்கு அளவெடுத்துச் செய்து வந்துவிட்டது, வீட்டுக்குள் போட்டு நடந்து மொசைக்கைக் கீறி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆகவே காலையில் நீங்கள் வந்ததும் ஆம்புலன்ஸ் கேட்டைப் பார்த்து நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன்னால் நிற்பது யார் காராக இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். புழுதிக்குள் நான்கு போனால், வெளியே வருவதை எண்ணுங்கள். நான் விழலாம். விழுந்தால் எழுந்து நின்று சிரிப்பேன், கை ஆட்டுவேன், ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்வேன், உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்பேன், கையேட்டை எழுதியவளே நான்தான் என்று கத்தவும் செய்வேன்.

எத்தனையாவது ரவுண்டு என்று கேட்டால் ஒரு முறை பதில் சொல்லுங்கள். மறுபடியும் அதையே கேட்டேன் என்றால் என்னோடு பேசிக்கொண்டு நிற்காதீர்கள். ஓடிப்போய் கேட்டைத் திறங்கள்.